தெற்கே ஒரு புகைவெள்ளி

ரொறன்ரோவில் என் வீட்டுப் பின்வளவில் நின்றால் ஓமேகா சென்டாரி தெரியாது. அந்த நட்சத்திரக் கொத்து தெற்கே தன் உச்சத்துக்கு வரும் வேளையிலும் அடிவானத்துக்கு ஒரு பாகை கீழேயே நிற்கும். இருபத்திரண்டு வருடங்களாக நான் எழுதிவரும் அவதானிப்புக் கொப்பியில் அதற்கென ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். பெயர், பருமன், தூரம் எல்லாம் எழுதியாயிற்று. முதலில் கண்டவர், இரண்டாவதாகக் கண்டவர், திகதி, நேரம் என்ற கட்டங்கள் மட்டும் வெறுமையாகக் கிடந்தன. இந்த ஜூன் மாதம், அமாவாசைக்கு முந்திய நாலு இரவுகளைத் தெரிந்தெடுத்து, அவற்றை நிரப்புவதற்காக யாழ்ப்பாணம் போனேன்.

ஒரு கொப்பிக்கு இரண்டு பெயர் எதற்கு என்று கேட்கலாம். நாங்கள் இரண்டு பேராகத்தான் தொடங்கினோம். யாழ்ப்பாணத்தில் நான் கோப்பாய். சவிரிமுத்து குருநகர். அவன் ரொறன்ரோவில் பஸ் ஓட்டினான். சனிக்கிழமைகளில் அவனுடைய காரில் நகரத்துக்கு வடக்கே இருட்டான வயல்வெளி ஒன்றுக்குப் போவோம். அவன் தொலைநோக்கியைத் திருப்புவான், நான் நேரத்தை எழுதுவேன். குளிரில் பேனா மை உறைந்துவிடும். அதனால் பென்சில்.

சவிரி அடிக்கடி ஒரு கதை சொல்வான். பதின்மூன்று வயதில் தகப்பன் அப்புவோடு கடலுக்குப் போன ஓர் இரவு. "மடுவுக்குப் போறதுக்கு முதல் கிழமை. நல்ல இருட்டு. பத்து மணியிருக்கும். குருசுக்கு மேலாலை, ஒரு கைப்பிடி தள்ளி, புகை மாதிரி ஒரு வெள்ளி. இப்பதான் விளங்குது, அது ஓமேகா." மடு என்பது கத்தோலிக்கர் யாத்திரை போகும் மாதா கோயில். குருசு என்பது தெற்குச் சிலுவை. வெள்ளி என்பது எங்கள் ஊர்ப் பேச்சில் எந்த நட்சத்திரமும்.

வானம் பார்க்கிற எங்கள் சிறு வட்டத்துக்கு இந்தக் காலாண்டு இதழ் இருக்கிறது. பதினாறு பக்கம், தொகுப்பது நான். மூன்று வருடங்களுக்கு முன் ஓர் இதழில் ஒரு பக்கத்துக்கு விசயம் குறைந்தது. சவிரியின் கதையைக் கணக்கிட்டுப் பார்த்து ஒரு குறிப்பு எழுதினேன். மடுத் திருவிழா ஆகஸ்ட் பதினைந்து. அவன் சொன்ன வருடத்தில், அதற்கு முந்திய வாரம், வானத்தில் ஏறக்குறைய முழுநிலவு. அத்தோடு அந்த நாட்களில் ஒன்பதரை மணிக்கே அந்தக் கொத்து மறைந்துவிடும். ஆகவே இருட்டும் பொய், பத்து மணியும் பொய். "நினைவுப் பிழை ஒன்று" என்று தலைப்பு வைத்தேன். அவன் பெயரைப் போடவில்லை. வாசித்த அத்தனை பேருக்கும் அது யார் என்று தெரியும்.

இதழ் கிடைத்த அன்று தொலைபேசி எடுத்தான். "மணியும் திகதியும் உன்னட்டை இருக்கட்டும். நான் கண்டது என்னட்டை இருக்கட்டும்" என்றான். அதன்பிறகு சனிக்கிழமைகளில் கார் வரவில்லை. நான் தனியே பின்வளவில் நின்றேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் தெரிவதை எழுதினேன். இரண்டாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். போன வருடம்தான் தெரிந்தது, சீனி வருத்தத்தில் அவனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டதென்று.

நான் ஊருக்குப் போகிற செய்தி எப்படியோ அவன் மனைவி மேரிக்குப் போயிருக்கிறது. தமிழ்க் கடையில் மரக்கறிப் பக்கமாக என்னை மறித்தார். கையில் பார்சல்: சொக்கிலேற், விற்றமின் குளிசை, முழங்காலுக்குப் பூசுகிற மருந்து.

"அண்ணை, குருநகரிலை றீற்றா மச்சாளிட்டைக் குடுத்துவிடுங்கோ. ஒரு விசயம். அவரின்ரை கண் போனது மச்சாளுக்குத் தெரியாது. சொல்லிப்போடாதேங்கோ, அவா தாங்கமாட்டா."

"சவிரிக்கு நான் போறது தெரியுமோ?"

"தெரியும்."

"என்ன சொன்னவன்?"

மேரி கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்தார். "ஒண்டும் சொல்லேல்லை."

*

ஜூன் 10, புதன். ஓட்டோக்காரர் என் நீளமான பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணை, கலியாண வீட்டு வீடியோவோ?" என்றார். வெள்ளி பார்க்கிற சாமான் என்றேன்.

"வெள்ளி பாக்கவோ கனடாவிலையிருந்து வந்தனீங்கள்? அங்கை வெள்ளி இல்லையோ?"

"இருக்கு. நான் தேடுறது இல்லை."

"அப்ப அங்கையும் தட்டுப்பாடுதான்" என்று திருப்தியோடு ஓட்டோவை எடுத்தார்.

கோப்பாயில் மேல்மாடியுள்ள வீடொன்றில் அறை. எங்கள் பழைய வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறது. அதில் இப்போது எனக்குத் தெரியாத ஒரு குடும்பம். வாசல் படலையில் புது நீலப் பெயின்ற். நான் நிற்கவில்லை.

அறை கொடுத்த அம்மா முதலில் கேட்டது, "தனியவோ வந்தனீங்கள்?" ஓம் என்றேன். இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் கணவாய்ப் பிரட்டலும் வந்தன. நாலு பேர் சாப்பிடலாம். "ஒராளுக்குச் சமைக்க எனக்குக் கை வராது" என்றார். ரொறன்ரோவில் எனக்கு அந்தக் கை எப்போதோ வந்துவிட்டது. அரைச்சுண்டு அரிசி, ஒரு கறி, இரண்டு நேரம்.

ஏழரைக்கு மொட்டைமாடிக்கு ஏறினேன். மேற்கே வெள்ளிக் கோளும் வியாழனும் அருகருகே இறங்கிக்கொண்டிருந்தன. என் கணக்குப்படி கொத்து எட்டு மணி இருபது நிமிடத்துக்கு உச்சத்தில் நிற்கும். கண்டங்களைத் தாண்டி நான் கொண்டுவந்த கணக்கில் ஒரு நிமிடமும் பிசகில்லை. பிசகியது வேறொன்று.

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். படம் கோடாக இழுபடாமல் இருக்க, தொலைநோக்கியைத் தாங்குகிற இயந்திரமும் அதே வேகத்தில் திரும்பவேண்டும். அதற்கு அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நேராகப் பார்க்கவேண்டும். ரொறன்ரோவில் துருவ நட்சத்திரம் அரைவானத்தில் நிற்கிறது. இருபத்திரண்டு வருடமாக என் அச்சு அங்கேயே பார்த்துப் பழகியது. யாழ்ப்பாணத்தில் அது பத்துப் பாகைகூட இல்லை. முதலாவது, அந்த உயரத்தில் எனக்குத் தெரிந்தவை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியும் தென்னைகளும். இரண்டாவது, நான் திருகாணியைத் திருகத் திருக, அச்சு இருபது பாகையில் வந்து முட்டி நின்றது. அதற்குக் கீழே இறங்காது. வடக்கு நாட்டு ஆட்களுக்காகச் செய்த சாமான். பதினேழாயிரம் ஒளியாண்டுத் தூரத்தைச் சரிபார்த்த நான், பத்துப் பாகைத் திருகாணியைச் சரிபார்க்கவில்லை.

மாடியில் கிடந்த செங்கற்களைக் காலுக்கு வைத்துச் சரித்துப் பார்த்தேன். முக்காலி வழுக்கியது. விழமுதல் கட்டிப் பிடித்துக்கொண்டு, அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். கீழே எங்கோ வானொலி பாடியது. கொப்பியில் எழுதினேன்: முயற்சி 1, தோல்வி, காரணம் நான்.

*

ஜூன் 11, வியாழன். பார்சலோடு பஸ்ஸில் பட்டினத்துக்குப் போனேன். பின் ஆசனத்தில் இரண்டு பெண்கள் என்னைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

"உவர் வெளிநாடு. சப்பாத்தைப் பார்."

"சப்பாத்து வெளிநாடுதான். முகம் இஞ்சத்தை முகம்."

"பாவம், தனிய வந்திருக்கிறார் போலை."

சப்பாத்தை ஆசனத்துக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.

குருநகரில் சோளகக் காற்று முகத்தில் அடித்தது. தெற்கிலிருந்து வீசும் இந்தக் காற்றில் மீன்வாடையும் தாரும் கலந்திருந்தன. சவிரியின் அக்கா றீற்றா வீட்டு வாசலில் கருவாட்டுப் பாயைப் புரட்டிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய மெலிந்த ஆள். பார்சலை நீட்டிப் பெயரைச் சொன்னேன்.

"நீங்களோ! தம்பியோடை வெள்ளி பாக்கிற கோப்பாயான்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்தார். "குறை நினையாதேங்கோ, அவன் அப்பிடித்தான் சொல்லுறவன்."

"எனக்கும் அப்பிடித்தான் சொல்லுறவன், அக்கா."

கதிரை வந்தது. பிளேன்ரீயும் பனங்கட்டியும் வந்தன. பிறகு அவர் சாதாரணமாகக் கேட்டார்: "போன சனிக்கிழமை என்ன பாத்தனீங்கள்?"

எனக்கு விளங்கவில்லை.

"ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுக்கிறவனெல்லோ. சனிக்கிழமை உங்களோடை போனது, இன்னது பாத்தது, நீங்கள் மணி எழுதினது எல்லாம் சொல்லுவான். இந்த ஞாயிறு எனக்குக் கோயில். கதைக்கேலாமல் போச்சு. என்ன பாத்தனீங்கள்?"

மூன்று வருடமாக சவிரி அக்காவுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையையும் உண்டாக்கிச் சொல்லியிருக்கிறான். அந்தச் சனிக்கிழமைகள் எல்லாவற்றிலும் நான் இருந்திருக்கிறேன். என் கொப்பியில் அவன் இல்லை. அவன் கதையில் நான் இருந்தேன்.

நான் இன்றுவரை நடக்காத ஓர் அவதானிப்பை எழுதியதில்லை. முகில் மறைத்தால் முகில் என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் அக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹெர்குலிஸ் எண்டு ஒரு கூட்டம், அக்கா. அதுக்குள்ளை ஒரு வெள்ளிக் கொத்து. பத்தேகால் மணிக்குப் பாத்தனாங்கள். நல்ல தெளிவு."

"அவனுக்கு வடிவாத் தெரிஞ்சதோ?"

"அவன்தான் முதல் கண்டவன்."

அவர் முகம் மலர்ந்தது. "அவன்ரை கண் அப்பிடி. சின்னனிலையும் அப்பு அவனைத்தான் வள்ளத்து முன்பக்கம், அணியத்திலை இருத்துறவர். வலைக்கம்பைத் தூரத்திலையே கண்டிடுவான். அந்தப் புகைவெள்ளி கண்ட கதை சொல்லியிருப்பானே?"

"சொன்னவன். மடுவுக்குப் போறதுக்கு முதல் கிழமை."

"ஓமோம். பெட்டி படுக்கையெல்லாம் கட்டி வைச்சிருந்தனாங்கள். எனக்கு அண்டைக்கு அம்மாவிட்டை அடி. பள்ளிக்கூடம் முடியமுதல் மடுவுக்குப் போனால் ரீச்சர் ஏசுவா எண்டு அழுதனான்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். ஆகஸ்ட் மாதம் பள்ளிக்கூட விடுமுறை.

"அக்கா, மடுத் திருநாள் ஆகஸ்டிலைதானே?"

"அது ஆவணித் திருநாள். அதுக்குத்தான் உலகமே போகும். எங்கடை அப்புவுக்குச் சனம் கண்ணிலை காட்டேலாது. நாங்கள் எப்பவும் ஆடித் திருநாள். ஜூலை ரெண்டு, பேர்தான் ஆடி. அம்மாவின்ரை நேர்த்தியும் அதுக்குத்தான். குருநகரிலை கனபேர் அப்பிடித்தான் போறது." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்கள் சைவம். உங்களுக்கு ஒண்டுதான் தெரிஞ்சிருக்கும்."

ஓம். எனக்கு ஒன்றுதான் தெரிந்திருந்தது. மற்றதும் இருக்கலாம் என்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு தொலைபேசி எடுத்திருக்கலாம். எடுக்காமல் அச்சுக்குக் கொடுத்தேன்.

கையிலிருந்த தொலைபேசியில் அந்த வருடத்து அமாவாசைகளைத் தேடிப் பார்த்தேன். ஜூன் கடைசி வாரம் அமாவாசை. நல்ல இருட்டு. அந்த நாட்களில் பத்து மணிக்கு அந்தக் கொத்து தென்மேற்கே இருபத்திரண்டு பாகைக்கு மேலே நின்றிருக்கும். இரண்டு முறை கணக்கிட்டேன்.

"என்ன தம்பி, முகம் ஒரு மாதிரிப் போச்சு?"

"ஒண்டுமில்லை அக்கா. ஒரு திகதி பிழைச்சுப்போச்சு."

"அட, திகதிதானே" என்றார். "கடலுக்குப் போறவன் நாளை விடுவான். நிலவை விடமாட்டான். நிலவுக்கு இறால் வராதெல்லோ."

சோறும் விளைமீன் குழம்பும் வைத்தார். ருசி தெரியாமல் சாப்பிட்டேன்.

*

முக்காலிப் பிரச்சினையை அக்காவே தீர்த்துவைத்தார். அவருடைய மருமகன் டொமினிக் கரையில் வள்ளம் திருத்துபவர். நான் பாகையில் விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த வடக்கு வெள்ளி எவ்வளவு உயரத்திலை நிக்குது, அண்ணை?" என்றார். பத்துப் பாகை என்றேன். கையை நீட்டி முட்டியைப் பொத்தி அடிவானத்தில் வைத்தார். "ஒரு கைப்பிடி. இதைச் சொல்லாமல் ஏன் கணக்குச் சொல்லுறியள்?"

நீட்டிய கையில் பொத்திய முட்டி பத்துப் பாகைதான். ரொறன்ரோவில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் படம் போட்டு விளக்குவது. "ஒரு கைப்பிடி தள்ளி" என்று சவிரி சொன்னபோது மட்டும் அதை ஓர் அளவாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சுக்குச் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன்.

வள்ளத்தைச் சரித்துத் தார் பூசும்போது விழாமல் அண்டை கொடுக்கிற வேப்பங்கட்டைகள் கரையில் கிடந்தன. அவற்றில் இரண்டை முக்காலியின் தெற்குக் கால்களுக்கு அளந்து வெட்டினார். கால் வழுக்காமலிருக்க மேலே குழி தோண்டினார். நடுவில் கட்டித் தொங்கவிட ஒரு நங்கூரக் கல்லும் தந்தார். "சோளகத்துக்கு உது பாரம் காணாது. படங்குச் சீலை ஒண்டும் கொண்டுபோங்கோ, காத்து மறைப்புக்கு."

அன்று மாலை ஓட்டோக்காரர் என்னைச் சண்டிலிப்பாய்க்குக் கூட்டிப்போனார். தோட்டவெளியில் வடக்கு நன்றாகத் தெரியும் என்றார். வெங்காயத் தோட்டங்கள் நடுவே ஒரு கோயிலில் திருவிழா. பனையுயரத்துக்கு ரியூப் லைற். வெளிச்சத்தில் கொப்பி வாசிக்கலாம். ஒன்பது மணிக்கு முகிலும் வந்தது. "உங்கடை வெள்ளிக்கு நாள் சரியில்லை" என்றார் ஓட்டோக்காரர். கொப்பியில் முயற்சி 2, முகில் என்று எழுதினேன். அது உண்மை.

*

ஜூன் 12, வெள்ளி. கோயில் வெளிச்சத்தைக் கேள்விப்பட்ட டொமினிக், மாலை ஆறு மணிக்குத் தன் வள்ளத்தில் மண்டைதீவுக் கரைக்குக் கூட்டிப்போனார். குருநகருக்கு நேரெதிரே, கடல்நீரேரிக்கு அப்பால் உள்ள தீவு. வடக்கே தண்ணீர். தண்ணீருக்கு மேலே பட்டினத்தின் வெளிச்சம். துருவ நட்சத்திரம் அந்த வெளிச்சத்திலும் தெரியும். தெற்கே பனைகள், அவற்றுக்கு மேலே கறுப்பு. டொமினிக் கட்டைகளை மணலில் புதைத்து, படங்கைக் கட்டி, கல்லைத் தொங்கவிட்டார்.

"நான் வலையைப் பாத்திட்டு வாறன். ஒம்பதரை மட்டிலை வருவன். தனிய இருப்பியளோ?"

"பழக்கம்" என்றேன்.

"பாணும் சம்பலும் பைக்குள்ளை. மாமி தந்துவிட்டவா. சாப்பிடாட்டி எனக்குத்தான் ஏச்சு."

என்ஜின் சத்தம் தேய்ந்து மறைந்தது. தூரத்தில் வலைக்கம்புகளில் சிறு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. இருட்டு எனக்கும் தேவை, இறால் பிடிப்பவர்களுக்கும் தேவை. கனடாவில் இந்த வேலைக்கு நான் இரண்டு காற்சட்டையும் மூன்று காலுறையும் போடுவேன். இங்கே சேட் முதுகில் ஒட்டியது. கண்ணாடியில் உப்பு படிந்தது. ஐந்து நிமிடத்துக்கொருமுறை துடைத்தேன்.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்தது. ஒரு கைப்பிடி உயரத்தில். எட்டு நாலுக்கு, தொலைநோக்கியில் பூட்டிய கமராவில் முதல் படத்தைத் திறந்தேன். முப்பது விநாடி.

கமராவின் சிறு திரையில் அது வந்தது. பல வருடங்களாகப் பிறர் எடுத்த படங்களில் பார்த்ததுதான். இருந்தும் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். முழுநிலவின் அகலத்துக்கு, விளிம்பு கலைந்த ஓர் உருண்டை. கொட்டிய சீனிக்குவியல் போல விளிம்பில் தனித்தனி மணிகளாகவும், நடுவில் பிரிக்க முடியாத வெண்மையாகவும் இருந்தது. ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள். முப்பது விநாடிப் படங்கள் நூற்றுக்குமேல் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், காற்றின் நடுக்கம் குறைந்து நிறங்கள் மேலே வரும். செம்மஞ்சளாக வீங்கியவை வயதுபோனவை. நீலமாக நிற்பவை சில. இந்தக் கொத்தின் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே தலைமுறையல்ல என்பதுதான் ஆராய்ச்சியாளர்களைக் குழப்பியது. மற்றக் கொத்துகள் பெரும்பாலும் ஒரே காலத்தில் பிறந்தவை. இது அப்படியில்லை. ஆகவே இது ஒரு காலத்தில் தனியான சிறு விண்மீன் மண்டலமாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். எங்கள் பால்வீதி அதை இழுத்து, வெளிப்புறத்தை உரித்து, நடுப்பகுதியை மட்டும் விட்டுவைத்ததாம். அந்த மிச்சம் இன்னும் எங்களைச் சுற்றி வருகிறது.

நடுவில் நட்சத்திரங்கள் மிக நெருக்கம் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அங்கே ஒரு கோளில் நின்றால் இரவே இராது. ஆனாலும் கணக்கைப் பார்த்தால், அந்த நெருக்கத்திலும் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒளி போய்ச்சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அவை முட்டிக்கொள்வதில்லை. ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, தங்கள் தங்கள் பாதையில் போய்க்கொண்டிருக்கும்.

கமரா தன்பாட்டில் எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு வேலையில்லை. எழுந்து படங்குக்கு வெளியே போய், கையால் கமராவின் சிவப்பு வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, வெறுங்கண்ணால் தெற்கே பார்த்தேன். குருசு பனைகளுக்கு மேலே நின்றது. அதன் தலைக்கு மேலே ஒரு கைப்பிடி, இடப்பக்கம் ஒரு கைப்பிடி. நேராகப் பார்த்தால் இல்லை. கொஞ்சம் விலத்திப் பார்த்தால் இருந்தது. புகை மாதிரி ஒரு வெள்ளி. பதின்மூன்று வயதில் வள்ளத்தின் அணியத்தில் இருந்தவனுக்கு எந்தக் கருவியும் தேவைப்பட்டிராது.

எட்டு நாற்பத்தேழு. ரொறன்ரோவில் காலை பதினொன்று பதினேழு. சவிரியின் இலக்கம் எனக்கு இன்னும் மனப்பாடம். மேரி எடுத்தார். ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிட்டார்.

"ஆர்?"

"நான்தான்."

அவனுக்குக் காற்றும் கேட்டிருக்கும்.

"சோளகம் அடிக்குது" என்றான். "எங்கை நிக்கிறாய்?"

"மண்டைதீவுக் கரையிலை."

"கண்டியோ?"

"கண்டன். வெறுங்கண்ணாலை. குருசுக்கு மேலாலை ஒரு கைப்பிடி."

"மணி?"

"எட்டு நாப்பத்தேழு."

"நாப்பத்தேழோ, நாப்பத்தெட்டோ? வடிவாப் பாத்துச் சொல்லு. பிறகு உன்ரை பேப்பரிலை பிழையெண்டு போடுவாங்கள்."

அந்த அடி எனக்கு வரவேண்டியதுதான். "சவிரி, நீ ஆடித் திருநாள் எண்டு ஏனடா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே. நேரே அச்சடிச்சாய்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அக்காவைக் கண்டனியோ?"

"கண்டன். கண் விசயம் சொல்லேல்லை. போன சனிக்கிழமை என்ன பாத்தனீங்கள் எண்டு கேட்டவா."

"என்ன சொன்னாய்?"

"ஹெர்குலிஸ் கொத்து. பத்தேகாலுக்கு."

அவன் சிரித்தான். மூன்று வருடத்துக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு, இருமலில் போய் முடிந்தது. "பொய்க்கும் மணி வைச்சிருக்கிறாய், கோப்பாயான்."

"படம் எடுத்துக்கொண்டிருக்கிறன். கொண்டுவாறன்."

"படத்தை நான் என்ன செய்ய?"

நான் திரையைத் திரும்பிப் பார்த்தேன்.

"சரி, சொல்லு" என்றான். "இப்ப எப்பிடி நிக்குது? நடு மணிமணியா உடையுதோ, பாலாத்தான் கிடக்கோ?"

நான் திரையருகே போய்க் குந்தியிருந்து சொன்னேன். விளிம்பிலிருந்து தொடங்கினேன். எந்தப் பக்கம் அடர்த்தி, எங்கே செம்மஞ்சள், நடுவுக்குச் சற்றுத் தள்ளி எங்கே ஒரு கருநிழல் போல இருக்கிறது என்று. அவன் இடையில் கேட்டான், திருத்தினான், "இடக்கையோ வலக்கையோ, சரியாச் சொல்லு" என்று ஏசினான். வள்ளத்துச் சத்தம் வடக்கில் கேட்கும்வரை சொன்னேன். வைக்கும்போது அவன் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "அக்காட்டை நாளைக்கும் போய்ச் சாப்பிடு" என்றான்.

டொமினிக் வந்தபோது பாணும் சம்பலும் அப்படியே இருந்தன. ஏச்சு விழுந்தது.

*

அன்றிரவு கோப்பாயில், மின்குமிழின் கீழே, அந்தப் பக்கத்தை எடுத்தேன். வழக்கம்போலப் பென்சில். பிறகு பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

முதலில் கண்டவர்: ம. சவிரிமுத்து. திகதி: மடு ஆடித் திருநாளுக்கு முதல் வாரம், அமாவாசை இருட்டு. நேரம்: இரவு பத்து. கருவி: கண். இடம்: குருநகர்க் கடல், அப்புவின் வள்ளம்.

அதற்குக் கீழே, இரண்டாவதாகக் கண்டவர் என்ற கட்டத்தில், என் பெயரை எழுதினேன்.